இலங்கை வானொலி: பேச்சும் மறுபேச்சும்

நேயர்களே, இந்த இலக்கியத் தொடரிலே இதுவரை நூல்களையும் நூலாசிரியர்களையும் பற்றியே பேசி வந்தோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நமது பேச்சை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் வானொலியின் வரலாறு. தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை உண்டு. 1847ஆம் ஆண்டின் கடைசி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். நமது நாட்டில் தமிழ்ப் பேச்சுக் கலையின் வரலாற்றை அங்கிருந்து சொல்வது வழக்கம். பிரசங்கம் கோயில் மண்டபத்திலிருந்து அரசியல் மேடைக்குப் போனது. மேடையில் பேசுபவருக்குச் சபை கண் முன்னே இருக்கும். அது தலையசைக்கும், கொட்டாவி விடும், எழுந்தும் போகும். முகமே தெரியாத ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்கும்படி பேசுவது எப்படி என்பதை நமது தமிழ் வேறோர் இடத்திலே கற்றுக்கொண்டது. அந்த இடம் கொழும்பு வானொலி நிலையம். அப்படிக் கேட்டிருந்தவர் மறுபேச்சுப் பேசுவதற்கு எவ்வளவு காலம் சென்றது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பாதி.

எட்வேர்ட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர் 1921இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இலங்கைக்கு வந்தார். லண்டனில் பி.பி.சி. ஒலிபரப்பைத் தொடங்கியது 1922 நவம்பரில். அடுத்த ஆண்டே கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறியதோர் அறையிலிருந்து ஹார்ப்பரும் உடன் பணியாற்றிய இலங்கையர் சிலரும் கிராமபோன் இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டு ஒலிபரப்பிப் பார்த்தனர். அவர்களுடைய ஒலிபரப்பி, முதலாம் உலகப் போரிலே பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு பொருத்தப்பட்டது. கடலடியில் இருந்து கப்பல்களை மூழ்கடிக்க உதவிய கருவி கொழும்பிலே பாட்டுப் போட்டது என்பதை எனது மாணவர்கள் இலகுவில் நம்புவதில்லை. முறையான ஒலிபரப்பை 1925 டிசெம்பர் 16ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் தொடக்கி வைத்தார். சென்னையிலே 1924இல் ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிச் சில ஆண்டுகளில் பணமின்றி நின்று போனது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலுமே வந்தன. வானொலியைப் பொறுத்தவரை நாம் தமிழ்நாட்டுக்குப் பிந்தியவர்கள் அல்லர்.

மத்திய அலை என்பதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஒலிக்கு ஏற்றபடி அலையின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவது இதன் முறை. மின்னலும் அந்த வீச்சிலேயே கை வைப்பதால் மழைக்காலத்தில் பேச்சோடு கரகரப்பும் சேர்ந்து வரும். பகலிலே இவ்வலை நிலத்தை ஒட்டிச் சென்று ஓரளவு தூரத்தில் நின்றுவிடும். இரவானதும் வானத்தின் மேலடுக்கிலே பட்டுத் திரும்பிப் பல நூறு மைல்களுக்கு அப்பாலும் விழும். இதனாலேதான் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இரவு வேளையில் தென்னிந்திய நிலையங்களும், தென் தமிழ்நாட்டிலே கொழும்பும் கேட்டன. பாக்கு நீரிணையைக் கடக்க இந்த அலைக்கு எந்தக் கடவுச்சீட்டும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் நமது வானொலியின் தலையெழுத்தை மாற்றியது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு வந்தது. போர்வீரர்களுக்கென நடத்தப்பட்ட ‘றேடியோ சியக்’ என்னும் நிலையத்துக்காக ஏக்கலையில் 100 கிலோவாற்று வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்து வெள்ளைக்காரர் போனபோது அந்தப் பெரிய இயந்திரம் இங்கேயே தங்கிவிட்டது. ஆசியாவெங்கும் கேட்கக்கூடிய குரல் ஒரு சிறிய தீவின் கையில் தற்செயலாக வந்து சேர்ந்தது. 1949இல் ‘றேடியோ சிலோன்’ என்ற பெயர் வந்தது. 1950 செப்டெம்பர் 30இல், கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியரான கிளிபர்ட் டொட் அவர்களின் பொறுப்பிலே வர்த்தக சேவை தொடங்கியது. அதைப் பின்னர் பார்ப்போம். எனக்கு முதலில் பேச வேண்டியது பேச்சைப் பற்றி.

சோ. சிவபாதசுந்தரம் அவர்களை இன்றைய மாணவர் அதிகம் அறியார். கரம்பனிலே பிறந்தவர். ‘ஈழகேசரி’ப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்து வானொலிக்குப் போனவர். 1940களின் பிற்பகுதியில் லண்டன் பி.பி.சி.யிலே பணியாற்றியபோது, 1941 முதல் அங்கு நடந்துவந்த தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்டவர் அவரே. 1954இல் வெளிவந்த அவருடைய ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூல் இத்துறையிலே தமிழில் எழுந்த முன்னோடி நூல். ராஜாஜி அதற்கு முன்னுரை எழுதினார். பத்திரிகையிலிருந்து ஒலிவாங்கிக்குப் போன ஒருவருக்குத்தான் எழுத்துத் தமிழுக்கும் காதுத் தமிழுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அந்தத் தூரம் எத்தகையது? எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவருக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. பத்திரிகைத் தலையங்கம் ஒன்றிலிருந்து நீண்ட வாக்கியமொன்றை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு யார், எதைச் செய்தார் என்று கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. நமது மொழியிலே வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. பெயரெச்சமும் வினையெச்சமும் அதற்கு முன்னே வண்டித்தொடர் போல வரிசையாக வரும. வாசிப்பவர் வழி தவறினால் கண்ணைப் பின்னே ஓட்டி மறுபடி பிடித்துக்கொள்வார். கேட்பவருக்குப் பின்னே போக வழியில்லை. போன சொல் போனதுதான். ஆகவே வானொலிக்கு எழுதுபவர் எச்சங்களைக் குறைத்து, முற்றுக்களைக் கூட்டி, செய்தவரை முன்னே நிறுத்தி எழுதவேண்டியதாயிற்று. இலக்கண நூல்கள் சொல்லாத இந்தப் பாடத்தைக் கொழும்பு வானொலியின் பேச்சாளர்களும் செய்தி எழுதியோரும் அன்றாடம் செய்து கற்றார்கள். பண்டிதர் சிலருக்கு இது தமிழை மெலியச் செய்ததாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மொழி ஒலிவாங்கிக்கு முன்னாலும் நிமிர்ந்து நிற்கக் கற்றது என்றே சொல்வேன்.

நாடகத்தில் இந்தக் கல்வி இன்னொரு படி மேலே போனது. சிறுகதை முன்னோடியான இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ என்ற தொடர் யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே வீடுகளுக்குள் கொண்டுவந்தது. ‘சானா’ என்று எல்லோரும் அழைத்த சண்முகநாதன் வானொலி நாடகத் தயாரிப்பாளராக இருந்து, இத்தகைய நாடகங்களுக்கு உயிர் கொடுத்தார். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளரிடையே மரபுப் போராட்டம் என்று ஒரு பெரும் வாதம் நடந்தது. கதையிலே மண்ணின் பேச்சு வரலாமா, அது இழிசனர் வழக்கல்லவா என்று அறிஞர்கள் அடிபட்டார்கள். அவர்கள் அடிபட்டுக்கொண்டிருந்த காலத்துக்கு முன்பே கிராமத்து ஆச்சிமார் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து தங்கள் சொந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். வாதத்தின் தீர்ப்பு ஏற்கனவே வெளியாகிவிட்டது என்பது என் கருத்து. பிற்காலத்திலே சில்லையூர் செல்வராசன் எழுதி, கே. எஸ். பாலச்சந்திரன் முதலானோர் நடித்த ‘தணியாத தாகம்’ என்ற தொடர் நாடகம், அதைக் கேட்டுக் கண்ணீர் விடாத வீடில்லை என்னும்படி பேசப்பட்டது.

இலக்கிய வரலாறு எழுதுவோர் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு வானொலி வடிவம் உண்டு. அது மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்ன இன்னாரின் ஆருயிர்ச் சகோதரனும், இன்னாரின் மாமனாரும் என்று நீண்டு, எங்கோ தொலைவில் ஆவார் என்று முடியும். சற்று முன்னர் நான் சொன்ன விதிகள் அத்தனையையும் மீறும் வாக்கியம் இது. ஆயினும் நமது வீடுகளில் வேறெந்த வாக்கியத்தையும் இவ்வளவு மௌனமாக இருந்து கேட்டதில்லை. குசினியிலிருந்து அகப்பையோடு வந்து நின்று கேட்பார்கள். ஊர்ப் பெயர் வந்ததும் யாராவது ஒருவர் கையை உயர்த்துவார், எல்லோரும் வாய் மூடிவிடுவார்கள். மருமக்களின் பெயர் வரும் வரை, இறந்தவர் எந்தக் குடும்பத்தவர் என்பது பிடிபடாது. பிடிபட்டதும் ஆச்சி, “அட, எங்கட பெரியதம்பியின்ர சகலன்” என்பார். கிரியை எப்போது, எந்த மயானம் என்பதைக் கேட்டுக்கொண்டு பேருந்துக்கு ஓடுவார்கள். தொலைபேசி எல்லா வீடுகளிலும் இல்லாத காலம். தந்தி மறுநாள்தான் சேரும். மட்டக்களப்பிலோ பதுளையிலோ நேர்ந்த இழவு அன்றே பருத்தித்துறைக்குத் தெரிந்தது இந்த அறிவிப்பாலேதான். உறவுமுறைச் சொற்களை நான் கற்பிக்கும்போது இந்த அறிவித்தலின் வடிவத்தையே கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி வர்த்தக சேவை. 1952 முதல் 1962 வரை இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் திரைப்படப் பாட்டுக்களை அகில இந்திய வானொலியில் பெரிதும் கட்டுப்படுத்தினார். சாஸ்திரீய சங்கீதத்தை வளர்ப்பது அவருடைய நோக்கம். வளர்ந்ததோ றேடியோ சிலோன். வடக்கே ஹிந்தி நேயர்களும் தெற்கே தமிழ் நேயர்களும் கொழும்பை நோக்கித் திரும்பினார்கள். விளம்பரக் காசும் கூடவே வந்தது. 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி இந்தியா இதற்கு ஈடு செய்யப் பார்த்தது. எஸ். பி. மயில்வாகனன் தொடக்கம் இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் வரை, நமது அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைத் தமிழ்நாட்டார் வியந்து கேட்ட கதை எல்லோரும் அறிந்ததே. அதை மறுபடி விரிக்கப் போவதில்லை. வேறொன்றைக் கவனிக்க விரும்புகிறேன். இந்தச் சேவைக்குத்தான் நேயர் எழுதத் தொடங்கினார். ஒரு தபாலட்டையிலே பாட்டின் பெயரையும் வீட்டார் அத்தனை பேரின் பெயரையும் எழுதி அனுப்பினால், ஒரு நாள் அந்தப் பெயர்கள் வானில் ஒலிக்கும். நேயர் பேசிய முதல் மறுபேச்சு அது. தம் பெயரைத் தவிர வேறெதையும் அவர் அதிலே சொல்ல முடியாது என்பதையும் மறக்கக்கூடாது.

நிலையம் அரசாங்கத்துக்குச் சொந்தமாகவே இருந்தது. 1966இன் 37ஆம் இலக்கச் சட்டத்தினால் 1967 ஜனவரியில் அது கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாட்டின் பெயரோடு அதன் பெயரும் மாறி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. பெயர்கள் மாறினவே ஒழிய, செய்தி எங்கிருந்து வருகிறது என்பது மாறவில்லை. 1983 ஜூலையிலே கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நாட்கள் கழிந்து 28ஆம் திகதி ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அகதி முகாம்களிலே இருந்தவர்களுக்கு அந்த உரையில் ஓர் ஆறுதல் வார்த்தையும் இருக்கவில்லை. நல்ல தமிழை நமக்குக் கற்பித்த அதே நிலையத்தின் செய்தியை நம் மக்கள் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கிய காலம் இது. அறிவிப்பாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தாம் எழுதாததை வாசிக்க வேண்டிய நிலை அவர்களுடையது. இரு பக்கமும் அவர்களுக்கு இடி. அவர்களுள் ஒருவரான கே. எஸ். ராஜா பின்னர் கொலை செய்யப்பட்டார்.

1990இல் போர் மறுபடி தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றறி தடை செய்யப்பட்ட பொருள்களிலே சேர்ந்தது. வீட்டிலே வானொலி இருந்தது, அதற்கு உயிர் இல்லை. அப்போதுதான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லிலே டைனமோவை அழுத்தி, அதன் வயரை வானொலியில் கொடுத்துக் கையால் மிதியைச் சுற்றும் வித்தையை ஊரெல்லாம் கண்டுபிடித்தது. சுற்றுவது சிறுவர் வேலை. இரவு ஒன்பது மணி கழிந்ததும் பெரியப்பா காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு இருப்பார். லண்டனிலிருந்து தமிழோசை வரும். கை களைத்தால் குரலும் களைக்கும். “சுத்து மோனை, சுத்து, இப்பதான் முக்கியமானது சொல்லுறான்” என்பார். மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் அவ்வாறே கேட்டோம். கொழும்பையும் கேட்டோம். மூன்றையும் கேட்டுவிட்டு, எதற்கும் நடுவே உண்மை கிடக்கும் என்று பெரியப்பா ஒரு கணக்குப் போடுவார். அயலவர் நாலு பேர் கூடி மணிக்கணக்காக அதைப் பற்றி விவாதிப்பார்கள். மறுபேச்சு என்று நான் சொல்வது இதைத்தான். அது முற்றத்திலே நடந்தது. நிலையத்துக்குள் போக அதற்கு வழி இருக்கவில்லை.

அந்த வழி திறந்தது ஒரு நீதிமன்றத்திலே என்பதை நமது பத்திரிகை வாசகர் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கல்விச் சேவையிலே முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று நடந்துவந்தது. பொது விடயங்களைப் பற்றிய கலந்துரையாடலில் நேயர்கள் தொலைபேசி மூலம் பங்குபற்றினர். 1995இன் தொடக்கத்திலே அது திடீரென நிறுத்தப்பட்டது. அதிலே வழக்கமாகப் பேசி வந்த நேயர் ஒருவர் அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. வெறுமனே கேட்டிருப்பவர் என்ற அளவில் அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டதென நீதிமன்றம் கொள்ளவில்லை. ஆனால் அவர் நிகழ்ச்சியிலே பங்குபற்றிப் பேசியவர். காரணமின்றி அதை நிறுத்தியது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரத்தை மீறியது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. நேயர் என்ற சொல்லுக்கு நமது அகராதிகள் அன்புடையவர் என்று பொருள் சொல்லும். உரிமையுடையவர் என்ற பொருளை அந்தத் தீர்ப்பு சேர்த்தது. அடுத்த ஆண்டு, 1997இல், ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலம் பற்றிய வழக்கிலே வானலைகள் பொதுச் சொத்து என்பதையும் அதே நீதிமன்றம் எடுத்துரைத்தது.

தனியார் தமிழ் வானொலிகளான சூரியனும் சக்தியும் 1998இல் பண்பலையிலே தொடங்கின. அதன் பின்னர் தொலைபேசியில் நேயர் பேசுவது அன்றாட நிகழ்வாயிற்று. யார் அழைத்தாலும் அறிவிப்பாளர் முதலில் சொல்வது, “உங்கட றேடியோச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ” என்பதே. அழைத்தவர் பெயரைச் சொல்வார், ஊரைச் சொல்வார், ஒரு பாட்டைக் கேட்பார், அதை வீட்டார் எல்லோருக்கும் சமர்ப்பணம் செய்வார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே தபாலட்டையில் எழுதிய அதே வாசகம். வாய் திறக்கும் உரிமை கிடைத்தபின்னும் பெரும்பாலும் தபாலட்டையையே வாசித்துக்கொண்டிருக்கிறோமோ என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. விதிவிலக்கான நிகழ்ச்சிகள் உள்ளன, அவை குறைவு. அந்த நாளைய பேச்சுக்கு இருந்த எழுத்துப் பிரதி என்ற ஒழுக்கமும் இப்போது தளர்ந்துவிட்டது. லண்டன் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரில் 30ஆம் திகதியோடு நின்றது. டைனமோ சுற்றிய கைகளுக்கு அன்று ஏதோ செய்தது.

1925இலிருந்து எண்ணினால் 2025 டிசெம்பருடன் நமது ஒலிபரப்புக்கு நூறு ஆண்டு. அத்தனை ஆண்டுப் பேச்சில் நம் கைக்கு எட்டுவது மிகக் கொஞ்சம். காற்றோடு போகாமல் மிஞ்சிய பேச்சுக்களிலே பல, பேசியவர்கள் பின்னர் இதுபோன்ற பத்திரிகைப் பக்கங்களில் அச்சிட்டமையால் மிஞ்சியவை. வானொலிப் பேச்சின் கையெழுத்துப் பிரதி, நாடகப் பிரதி, வீட்டிலே பதிவு செய்த ஒலிநாடா, நேயர் விருப்பத்துக்கு எழுதி அனுப்பாமல் விட்ட தபாலட்டை என எதுவாயினும் உங்கள் வீட்டுப் பெட்டகத்திலோ பரணிலோ கிடக்கக்கூடும். வைத்திருப்போர் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒலிநாடாவை அனுப்ப வேண்டாம், தபாலிலே பழுதாகிவிடும். என்ன இருக்கிறது, யாருடைய குரல், எந்த ஆண்டு என்று குறித்தாற் போதும். பள்ளி விடுமுறையில் மாணவர் இருவரோடு நானே வந்து பிரதி எடுத்துக்கொள்கிறேன்.